லைட்டுக்கு ஆள் வேண்டாமாம்!

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரும் நேரத்தில் ஒரு போன். என்னிடம் நாலைந்து வருடம் லைட் வேலை பழகிய தம்பி. இப்போது சொந்தமாக விளக்குகள் வாங்கி வைத்து, சபாக்களுக்கும் நாட்டியக் குழுக்களுக்கும் செய்துகொண்டிருக்கிறான்.

"சார், டிசம்பர்ல ஒரு நாட்டிய நாடகம் வந்திருக்கு. செக்ரட்டரி சொல்றார், எல்லாத்தையும் டைம்கோட்ல போட்டுக் குடுத்துட்டுப் போயிடு, ஷோ அன்னிக்கு லைட்டுக்கு ஆள் வேண்டாம், அதுக்குத் தனியா பணம் தர முடியாதுன்னு. என்ன சார் சொல்லட்டும்?"

"அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன். தூக்கம் போனது போனதுதான்.

பகலில் மின்வாரியம், சாயங்காலம் நாடக மேடை என்று முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சில வருடம் விடவில்லை. அந்த உரிமையில் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். வழக்கமாக இங்கே வரும் பழைய நினைவுகளை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டைம்கோட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் கடைசியில் டெலிவிஷன்காரர்கள் வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. டேப்பின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு விலாசம்: மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம். நம் ஊர் டெலிவிஷன் கணக்கில் விநாடிக்கு 25 ஃபிரேம். அந்த விலாசத்தையே ஒரு சத்தமாக மாற்றிப் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்யலாம். காதால் கேட்டால் தகரத்தைச் சுரண்டுவது போல் கிறீச்சென்று இருக்கும். மேடையில் எப்படி என்றால், ஸ்டீரியோவில் இடது பக்கம் பாட்டு, வலது பக்கம் இந்தக் கிறீச். இடது பக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். வலது பக்கம் ஒரு ஒயரில் லைட்டிங் கன்சோலுக்குப் போகும். கன்சோல் அதைப் படித்து, "ஓ, 12 நிமிடம் 40 விநாடி ஆகிவிட்டதா, 31ஆம் க்யூவைப் போடு" என்று தானே விளக்கை மாற்றிக்கொள்ளும்.

அருமையான விஷயம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பதிவு செய்த பாட்டுக்கு, ஒவ்வொரு ஜதிக்கும் ஒரு நிறம் வேண்டும் என்றால் மனித விரலால் அத்தனை துல்லியமாக முடியாது. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் ஒலி-ஒளிக் காட்சி பார்த்திருப்பீர்கள். குரல் ஒலிப்பதிவு, தூணுக்குத் தூண் வெளிச்சம் ஓடும். அந்த மாதிரி இடத்துக்கு இயந்திரம்தான் சரி. ஏனென்றால் அங்கே மேடையில் மனிதர் யாரும் இல்லை.

மனிதர் இருக்கும் இடத்தில்தான் என் சண்டை.

சுமார் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு குழு ராமாயண நாட்டிய நாடகம் போட்டார்கள். பெயர் வேண்டாம். பாட்டெல்லாம் ஒலிப்பதிவு. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் நேரடி வசனம், பின்னால் தம்புராவும் புல்லாங்குழலும் ஒலிப்பதிவில் ஓடும். தசரதனாக நடித்தவர் 71 வயதுப் பழைய சபா நடிகர். எனக்கு முப்பது வருடப் பழக்கம், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லைட் புரோகிராம் செய்தது நான்தான். இதை மறைக்க விரும்பவில்லை.

ஒத்திகை அன்று நான் கன்சோல் முன்னால் உட்கார்ந்து, பாட்டு ஓட ஓட ஒவ்வொரு க்யூவுக்கும் 'கோ' பட்டனை அழுத்தினேன். அந்தக் கன்சோலில் 'லேர்ன்' என்று ஒரு வசதி உண்டு. நான் அழுத்திய ஒவ்வொரு நேரத்தையும் அது குறித்துக்கொள்ளும், அடுத்த முறை அதே நேரத்தில் தானே அழுத்தும். அதாவது, இயந்திரத்துக்கு நேரம் தெரிந்தது என் விரலிலிருந்துதான். அதை எடுத்துக்கொண்ட பிறகு விரல் வேண்டாம் என்றார்கள். "புரோகிராமிங்குக்கு ஒரு நாள் சம்பளம் சார். ஷோ அன்னிக்கு நீங்க ஆடியன்ஸ்ல உக்காந்து ஜாலியா பாருங்க" என்றார் பொறுப்பாளர். மூவாயிரம் ரூபாய் மிச்சம் அவருக்கு. நானும் சரியென்றேன். முட்டி வலி, மாடி ஏறி கன்சோல் அறையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டாமே என்ற ஒரு நப்பாசையும் இருந்தது.

இன்னொரு காரியமும் செய்தார்கள். ஒன்றே கால் மணி நேர நாடகத்தையும் ஒரே ஃபைலாக ஒட்டி, சவுண்ட் பையனிடம் கொடுத்து, "ஒரு தடவை பிளே அழுத்து, அப்புறம் கை வைக்காதே" என்று சொல்லிவிட்டார்கள்.

தசரதன் புலம்பும் காட்சி. ஒத்திகையில் அந்த வசனம் நாலு நிமிடத்தில் முடிந்தது. தம்புரா நாலு நிமிடம் இருபது விநாடி ஓடும். இருபது விநாடி கையிருப்பு, போதும் என்று நினைத்தோம். அன்றைக்கு என்னவோ அவருக்கு அருள் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு இடத்தில் ராமா என்று கூப்பிட்டுவிட்டு நின்றார். பேசவில்லை. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கைதட்டல் வேறு. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து மீதி வசனத்தைப் பேசினார். அவர் வாழ்நாளில் அதைவிட நன்றாக நடித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அதற்குள் கை பரபரத்தது. கடைசியில் அவர் மூன்று படி ஏறி மஞ்சத்தில் சாய வேண்டும், சாய்ந்த பிறகு பிளாக் அவுட். அவர் இரண்டாவது படியில் கால் வைக்கும்போது நாலு நிமிடம் இருபது விநாடி முடிந்துவிட்டது. முழு இருட்டு.

சத்தம்தான் முதலில் கேட்டது.

ஆறு விநாடி கழித்து அடுத்த க்யூ வந்தது. துளி பிசகாமல் வந்தது. குகன் ஓடக் காட்சிக்கான பச்சையும் நீலமும் கலந்த வெளிச்சம், துடுப்போடு ஆறு பெண் குழந்தைகள் உள்ளே ஓடி வருகிறார்கள், படிக்குக் கீழே தசரதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டு நிற்கவில்லை. சவுண்ட் பையன் கை வைக்காதே என்று சொல்லப்பட்டவன், என்ன செய்வான்? நான் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக மேடைக்குப் போவதற்குள் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிவு. அந்த வயதில் அது கூடியும் கூடாத மாதிரிதான். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை.

மறுநாள் பொறுப்பாளர் எல்லோருக்கும் அனுப்பிய செய்தியில் 'டெக்னிக்கல் ஃபால்ட்' என்று இருந்தது. இந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. எங்கே ஃபால்ட்? கன்சோல் சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்தது. ஒயர் சரி, விளக்கு சரி, கோட் சரி. பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஓர் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியது இயந்திரமா? அனுப்பியவர் அவர். எழுந்து போனவன் நான்.

இதையெல்லாம் சொன்னால், "நீங்க பழைய ஆளு சார், புதுசு பிடிக்காது" என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். அப்படி இல்லை. என் குரு, ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, உலோகத் தகட்டை ஏற்றி இறக்கி விளக்கை மங்கச் செய்த காலத்து மனிதர். பக்கத்தில் போனாலே ஷாக் அடிக்கும். அந்த ஜாடி ஒழிந்ததற்குச் சந்தோஷப்பட்டவன் நான். 1986-ல் அமெரிக்காவில் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை வந்து, பின்னால் நம் ஊருக்கும் வந்தபோது, ஒரே ஒயரில் 512 சானல் என்று கேட்டு வாயைப் பிளந்து, லீவு போட்டுவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டவன். புதுசு எனக்கு எதிரி இல்லை.

சாதனையெல்லாம் இயந்திரத்தால் வந்ததும் இல்லை. கல்கத்தாவில் தபஸ் சென் என்று ஒரு மேதை. 1959-ல் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுவதை விளக்கை வைத்தே காட்டினார். நம் ஆர்.எஸ். மனோகர் மேடையில் காட்டிய தந்திரக் காட்சிகளைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதெல்லாம் விங்குக்குப் பின்னால் நின்ற ஆட்கள், நடிகரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே செய்தது. அவர் நின்றால் இவர்களும் நின்றார்கள்.

நேரடிக் கச்சேரியோடு ஆடும் பரதநாட்டியத்துக்கும் டைம்கோட் போட முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார் தம்பியிடம்! பதத்தில் ஒரு வரியைப் பாடகி எத்தனை தடவை திருப்பிப் பாடுவார் என்பது அவருக்கே தெரியாது. ஆடுகிறவள் சஞ்சாரியை நீட்டினால் பாட்டும் நீளும். நட்டுவனார் முகத்தைப் பார்த்து மிருதங்கக்காரர் நிறுத்துகிறார், லைட்காரன் மட்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமாம்.

விஷயம் தெரிந்தவர்கள் இதை முன்பே எச்சரித்திருக்கிறார்கள். மிடி ஷோ கன்ட்ரோல் என்று இன்னொரு ஏற்பாடு உண்டு, 1991-ல் வந்தது. சவுண்ட் இயந்திரம் லைட் இயந்திரத்தைப் பார்த்து "24ஆம் க்யூ, போ" என்று கட்டளை அனுப்பும் முறை. லிஃப்ட் மேடை, புகை, வெடி எல்லாவற்றுக்கும் அதில் கட்டளை உண்டு. ஆனால் அந்த விதிமுறையை எழுதியவர்களே, ஆபத்துள்ள இடத்தில் வழக்கமான பாதுகாப்பை விட்டுவிட்டு இதை நம்பாதே, அந்தந்தக் கருவிக்குத் தனித் தடுப்பு இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். வாங்குகிறவர்கள் அதைப் படிப்பதில்லை, விலைப் பட்டியலைத்தான் படிக்கிறார்கள்.

டைம்கோட் போடத்தான் வேண்டும் என்றால் எப்படி? தம்பிக்கு அன்று சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஒரே ஃபைலாக ஒட்டவே கூடாது. பாட்டுக்கு ஒரு ஃபைல். முதல் பாட்டுக்கு ஒரு மணியிலிருந்து கோட், இரண்டாவதுக்கு இரண்டு மணியிலிருந்து, இப்படி. அப்போது எந்தப் பாட்டு ஓடுகிறது என்று கன்சோலுக்கும் குழப்பம் இல்லை, நடுவில் நிறுத்தவும் முடியும். பாட்டுக்குப் பத்து விநாடி முன்பே கோட் ஓட ஆரம்பிக்க வேண்டும், கன்சோல் அதைப் பிடித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். பாட்டிலும் கன்சோலிலும் ஃபிரேம் கணக்கு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 25 ஃபிரேம் ஓடும் கோடில் 27ஆம் ஃபிரேமில் க்யூ வைத்தால், அப்படி ஒரு ஃபிரேம் வரவே வராது. கோட் நின்றுவிட்டால் கன்சோல் அப்படியே நிற்குமா, தன் கடிகாரத்தில் தொடர்ந்து ஓடுமா என்பதை ஒயரைப் பிடுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், ஷோ அன்று தெரிந்துகொள்ளக் கூடாது.

முக்கியமாக, ஃபைலை வாட்ஸப்பில் வாங்காதே என்றேன். அங்கே இங்கே சுருங்கி, இடது வலது இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தால், கணபதி ஸ்துதி நடுவே கிறீச்சென்று தகரம் சுரண்டும் சத்தம் ஸ்பீக்கரில் வரும். ஒரு பள்ளி ஆண்டு விழாவில் அந்த இசையை நான் கேட்டு ரசித்திருக்கிறேன்.

வசனம் வரும் இடத்தில் டைம்கோடைத் துண்டித்துவிட்டு, க்யூ கைக்கு வந்துவிட வேண்டும். பிளாக் அவுட்டை ஒருபோதும் கோடில் வைக்காதே. மேடையில் நிற்பவர் சரியான இடத்துக்குப் போய்விட்டார் என்று கண்ணால் பார்த்தவர் சொன்னால்தான் இருட்டு. படிக்கட்டுக்குச் சின்ன நீல விளக்கு ஒன்று, கன்சோலுக்குச் சம்பந்தமே இல்லாத தனி சுவிட்சில். அன்றைக்கு அந்த நீல விளக்கு ஒன்று இருந்திருந்தால் கூடப் போதும். அதை நான் வைத்திருக்கலாம். என்னிடம் வீட்டில் இரண்டு சும்மா கிடந்தன.

அண்ணாவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது மாவுக்கட்டோடு படுத்திருந்தார். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். "என்னப்பா, நான்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேனா?" என்று கேட்டார். தன் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! இல்லைண்ணா, இல்லைண்ணா என்று நாலைந்து தடவை சொன்னேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

தம்பி கேட்டதற்குப் பதில் இதுதான்: கொட்டேஷனில் 'ஆபரேட்டர்' என்று தனி வரி போடாதே, வெட்டிவிடுவார்கள். ஆளையும் சேர்த்து ஒரே தொகையாகப் போடு. ஆள் இல்லாமல் வேண்டும் என்றால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், ஒரு மாதம் என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். (வீட்டில் இதைப் படிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகவும்.)

வியாழக்கிழமையே அனுப்பிவிட்டானாம். செக்ரட்டரியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.