அலை அடிக்கட்டும், அளவோடு

நீருக்குள் செடி வளர்க்கும் மீன்தொட்டியில் சிற்றலை எழுப்பி, மணலில் ஒளிக்கோடுகள் நெளிவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மோட்டாரைத்தான் தேடுகிறார்கள். விளக்கையல்லவா பார்க்க வேண்டும்! டியூப்லைட்டின் பரவிய வெளிச்சத்தில் எவ்வளவு அலை எழுப்பினாலும் கோடு தெளிவாக விழாது. அலைமுகடு ஒளியைக் குவிக்க, அந்த ஒளி ஒரு புள்ளியிலிருந்து பாய வேண்டும். ஜப்பானிய நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமானோ தொட்டிக்கு மேல் தொங்கவிட்ட மெட்டல் ஹாலைடு விளக்குகளில் அந்த நெளிவு தானாகவே கிடைத்தது. இன்று ஒற்றைச் சில்லு எல்.இ.டி. போதும். அலைக்கு, நிமிடத்துக்கு 30 முதல் 60 சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார், அதன் அச்சில் மையம் தள்ளி மாட்டிய சிறு சக்கரம், அது ஏற்றி இறக்கும் அக்ரிலிக் துடுப்பு, அவ்வளவுதான். துடுப்பு நீரை அறையக் கூடாது, தொட்டு எழ வேண்டும். பரப்பு கொந்தளித்தால், செடிகளுக்காகக் காசு கொடுத்து ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு குலுக்கிய சோடாபோலக் காற்றோடு போய்விடும். (மெல்லிய அலையிலேயே, மேலே படியும் எண்ணெய்ப் படலமும் கலையும் என்பது உபரி லாபம்.) இரவில் செடிகளும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால், காற்றிலிருந்து அது நீரில் கரைய, அப்போது வேகத்தைக் கூட்டலாம். பகலில், நீரின் கார்பன் டை ஆக்சைடு அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறினால், அழகு பார்த்தது போதும், அலையைக் குறையுங்கள்.