ஐயமுற்றால் இல்லையென்க

கணிப்பொறியின் இயங்குதளத்திற்கு நடுவணாய் நிற்பது கருனி. திரையிற் காணும் படங்களும் பொத்தான்களும் பிற்பட்டு வருவன. பொறியின் உறுப்புக்களோடு பேசுந் தொழில் முழுவதும் கருனியின்பாற்பட்டது. ஒவ்வோர் உறுப்பின் மொழியையும் அதற்குப் பெயர்த்துரைக்கும் துபாஷியே இயக்கி எனப்படுவது. துபாஷி இன்னானென்று பொம்மையார்பாளையத்தார்க்கு விளக்க வேண்டுவதில்லை; ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த புதுச்சேரி தெற்கே அண்மையில் உள்ளது. துபாஷி இல்லாதவிடத்து, உறுப்பு எத்துணை விலையுயர்ந்ததாயினும் ஊமையே.

அவ்வூரில், கம்பிவழி இணையம் வாராத வீடொன்றில், இரவலாகப் பெற்ற பழங்கணிப்பொறியில் லினக்ஸை நிறுவிக்கொண்டு யூஎஸ்பி மோடமொன்றைச் செருகும் மாணவனை எண்ணிப் பார்க்க. கைபேசிக் கோபுரத்தின் அலையை வாங்கி இணையமாகத் தரவேண்டிய அக்கருவி, பலகால், தன்னை ஒரு குறுந்தட்டு என்று கூறிக்கொள்ளும்! வேறோர் இயங்குதளத்துக்குரிய மென்பொருளைத் தன்னுள் வைத்து விற்பார் செய்த ஏற்பாடு இது. ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்னுஞ் சிறு மென்பொருள் அவ்வேடத்தைக் களைந்த பின்னரே மோடம் தன் உண்மை உருவைக் காட்டும்.

அப்பொழுது கருனி அதன் இரண்டு எண்களைக் கேட்கும். ஒன்று செய்தவரைக் குறிப்பது, மற்றொன்று பொருளைக் குறிப்பது. சியெரா வயர்லெஸ் நிறுவனத்தார்க்குரிய எண் 1199. பெல்ஜிய நாட்டு ‘ஆப்ஷன்’ நிறுவனத்தின் பெயரையே தாங்கிய இயக்கியில் இவ்வெண்கள் நீண்ட அட்டவணையாக உள்ளன. மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பார் 2005-இல் ஒருசில அட்டைகளுக்காக எழுதியது, பலர் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தமையால் பெருகிற்று. தன் மோடத்தின் எண் அதில் இல்லையெனக் கண்டவர் ஒரு வரி எழுதி அனுப்புவார். அது ஏற்கப்பட்டபின் அதே மோடம் வைத்திருக்கும் உலகத்தார் அனைவர்க்கும் வழி திறக்கும். இத்தகைய ஈகையை யான் வேறு கலைகளில் அரிதாகவே கண்டுளேன். பின்னர் விரைவு மிக்க மோடங்கள் வரவே, 2012-இல் ‘கியூஎம்ஐ’ இயக்கியும், அடுத்த ஆண்டு ‘எம்பிஐஎம்’ இயக்கியும் கருனியிற் சேர்ந்தன.

இனி இடர்ப்பாட்டிற்கு வருவோம். கருனியைத் தம் பொறிக்கேற்ப அமைப்பவர், ஆயிரக்கணக்கான வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். ‘இவ்வியக்கி வேண்டுமா?’ என்பதே வினா. கருனியோடு பிணைக்க, வேண்டும்பொழுது ஏற்றும் தனிக்கூறாக வைக்க, விட்டொழிக்க என மூன்றே விடைகள். ஒவ்வொரு வினாவிற்கும் சிறு விளக்கம் உண்டு. அஃது ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. பல விளக்கங்களின் இறுதியில், ஐயமுற்றால் இல்லையென்க என்னும் பொருள்பட ஓர் அறிவுரையுங் காணலாம். அறிந்தார்க்கு அது நல்லுரையே. ஆங்கிலம் சிறிதே பயின்ற மாணவனுக்கோ எல்லா வினாவும் ஐயத்திற்குரியதே. அவன் அவ்வுரையின்படியே ஒவ்வொன்றிற்கும் இல்லையென்று கூறிச் செல்வான். மோடத்தின் துபாஷியும் அவற்றுள் ஒன்றாக ஒழிந்துபோம். பிழை கருவியினது என்றோ, தன் அறிவினது என்றோ அவன் கருதுவான். மொழியினது என்று கருதான்.

இவ்வினாக்களைப் பிறமொழியிற் காட்டும் வசதி ஒருகாலத்துக் கருனியிலேயே இருந்ததென்பது நம்மவர் பலர் அறியாதது. அது பழுதுற்றுக் கிடப்பதையும், பல்லாண்டாக அதனைத் தொடுவார் இல்லாமையையுங் கண்டு 2018-இல் அதனை நீக்கிவிட்டனர். நீக்கினாரை நோவதற்கில்லை. வாயில் திறந்திருந்த ஆண்டுகளில் நாம் சென்று புகவில்லை. எனினும் கருனியின் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புப் பகுதி இன்றும் உளது. சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவை அங்கே வீற்றிருக்கின்றன. தமிழ் இல்லை.

கருனியைத் தாமே அமைப்பார் தமிழருள் எத்துணைப் பேர், ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் வெளியீடுகளில் இவ்வியக்கிகள் முன்னரே சேர்ந்துள்ளனவே என்பர் சிலர். மேசைக் கணிப்பொறிக்கு அது மெய். நினைவகங் குறைந்த சிறு பலகைகளுக்கும் திசைவிகளுக்கும் வேண்டியதை மட்டுமே பொறுக்கியெடுத்தல் இன்றியமையாதது. மலிவு விலையிற் கிடைப்பவையும் அவையே. தமிழில் இத்தகைய கலைகள் அடங்கா என்பாரும் உளர். அவர்க்கு விடையாக ஒருவரைக் குறிப்பிடுவல். 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், தாம் தமிழ் கற்று, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் அவர்தம் நூல் 1872-இல் வெளிவந்தது. நரம்பையும் எலும்பையும் தாங்கிய மொழி மோடத்தைத் தாங்காதோ? மோடத்திற்குத் தனித்தமிழ்ச் சொல் தேடிப் பத்தாண்டு வழக்காட வேண்டுமென்பது என் கருத்தன்று. மோடம் மோடமாகவே இருக்க, விளக்கம் தமிழாகுக.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் ஊரக மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றனர். செய்முறையறிவு அவர்பால் உண்டு. நம் கல்லூரியின் தமிழ்ச் சிறப்பு வகுப்பினரும் கணிப்பொறி வகுப்பினரும் இருவர் இருவராக அமர்ந்து, முதற்கண் மோடம் பற்றிய வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்வாராக. அவற்றின் விளக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் சில பக்கங்களே. எழுதியதனைத் தமிழ் மட்டும் அறிந்த ஒரு மாணவன் கையிற் கொடுத்துக் கருனியை அமைக்கச் சொல்லலாம். மோடம் பேசாவிடின் எழுதியதைத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த விடுமுறைக்குள் இது முடியத்தக்கதே.