அபராதமா, விலையா?

கரண்ட் போனால் திட்டு வாங்குவது மின்வாரியம். ஆனால் நாடு முழுக்க மின்சாரத்தைச் சமன் செய்ய ஒரு தனி நிறுவனம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியா. 2022 வரை அதன் பெயர் போசோகோ.

இதனிடம் மின்நிலையம் கிடையாது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கம்பிகளில் பெரும்பகுதி பவர் கிரிட் நிறுவனத்துடையது. இதன் வேலை கணக்கு! உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். தேவை கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். அதனால் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாக்கி, எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்று முன்கூட்டியே அட்டவணை போடுகிறார்கள். மீறினால் பணம் கட்ட வேண்டும்.

பிரச்சினை இங்கேதான். பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது அபராதம் இல்லை, விலை.

2012 ஜூலை 30, 31 தேதிகளில் நடந்தது என்ன? வட மாநிலங்கள் அளவை மீறி இழுத்தன. குறைக்கச் சொன்னதற்கு மாநில மையங்கள் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்றது விசாரணைக் குழு. இரண்டு நாளும் பீனா-குவாலியர் லைன் அறுந்துகொள்ள, கிரிட் சரிந்தது. 31-ம் தேதி பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 60 கோடிப் பேர்.

உத்தரவை மீறினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 29-வது பிரிவு வைத்த உச்ச அபராதம் 15 லட்ச ரூபாய். கோடிகளில் வரவுசெலவு செய்யும் வாரியத்துக்கு இது டீச்செலவு!

அன்று தென்னகம் தப்பியது, வடக்கோடு ஒத்திசைவாக இணையாததால். 2013 டிசம்பர் 31 முதல் எல்லாம் ஒரே கிரிட். இனி அங்கே விழுந்தால் இங்கேயும் ஆடும். அபராதம் வலிக்கிற அளவுக்கு இருக்க வேண்டாமா, மக்களே?