பல்கலை சரி, கழகம் எங்கே?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். தொடக்கவுரை ஆற்ற வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு பிறப்பதற்கு முன்பே தமிழன் பல்கலைக்கழகம் நடத்தினான் என்று முழங்கினார். கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. அவர் காட்டிய சான்று எண்ணாயிரம் கல்வெட்டு. இலக்கிய இதழ்களில் எழுதுகிறவர்களும் இந்த வாக்கியத்தைப் பல ஆண்டுகளாகக் கைமாற்றி வருகிறார்கள். எண்ணாயிரத்தில் கல்விச்சாலை இருந்ததா என்பது என் கேள்வி அல்ல. இருந்தது, மிகச் சிறப்பாக இருந்தது. அது பல்கலைக்கழகமா என்பதே கேள்வி.

முதலில் எண்ணாயிரத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். விழுப்புரம் மாவட்டத்து ஊர் அது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலைக்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. இளநிலையில் 270 பேர். இருக்கு வேதம் 75, யசுர் வேதம் 75, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூல் 40 என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தலை எண்ணி எழுதியிருக்கிறார்கள். முதுநிலையில் 70 பேர்: பிரபாகர மீமாம்சைக்கு 35, வியாகரணத்துக்கு 25, வேதாந்தத்துக்கு 10. இளையவனுக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. மாணவனுக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்த ஏற்பாடு இது. இன்றைய விடுதிக் கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இக்கல்வெட்டைப் படித்தால் பெருமூச்சுதான் வரும்.

புதுச்சேரிப் பகுதியில் உள்ள திரிபுவனியில் 1048இல், ராஜாதிராஜன் காலத்தில், 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் இதே போன்ற ஏற்பாடு. கற்போரும் கற்பிப்போரும் ஊர் வாரியப் பணிகளில் இருந்து விலக்கும் பெற்றார்கள். வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடலில் கல்விச்சாலையோடு பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனையும் இருந்தது. இவற்றையெல்லாம் யாரும் நமக்கு இட்டுக்கட்டித் தரவில்லை, கல்லில் இருக்கின்றன.

ஆனால் அந்த 340 பேரும் யார்? வேதம் ஓத உரிமை பெற்ற ஒரு வகுப்பினர். பாடப்பட்டியலில் தமிழ் இலக்கணம் எங்கே? இல்லை. தமிழை வைத்துப் பெருமை பேசுகிற மேடைகளில் இந்த விவரம் மட்டும் எப்படியோ நழுவிவிடுகிறது. போகட்டும். ஐரோப்பாவிலும் அன்று பெண்களுக்கு இடமில்லை, பாடமொழி மக்கள் மொழி அல்ல, இலத்தீன். இவ்வகையில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். என் வாதம் வேறு இடத்தில் இருக்கிறது.

'யுனிவர்சிட்டாஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு, இடைக்காலத்தில், எல்லாக் கலைகளும் பயிலும் இடம் என்ற பொருள் கிடையாது. ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட சங்கம் என்பதே பொருள். பாடம் நடக்கும் இடத்துக்கு 'ஸ்டூடியம்' என்று வேறு சொல் இருந்தது. அதாவது நம்முடைய 'பல்கலைக்கழகம்' என்ற ஆக்கத்தில் உயிர்நிலை 'கழகம்', 'பல்கலை' அல்ல. (கழகம் என்ற சொல்லை வள்ளுவர் சூதாடுகளத்துக்கு ஆண்டிருக்கிறார். இன்றைய துணைவேந்தர் நியமனங்களைப் பார்க்கையில் அவர் தொலைநோக்குடையவர் என்றே படுகிறது.)

போலோஞாவில் சட்டம் படிக்க வந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். நகரத்தின் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. வீட்டு வாடகையும் உணவு விலையும் கழுத்தை நெரித்தன. அவர்கள் சங்கம் அமைத்தார்கள், தங்களுக்குள் ஒருவனைத் தலைவனாகத் தேர்ந்தார்கள், ஆசிரியர்கள் அத்தலைவனுக்குக் கட்டுப்பட்டு உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். பாடத்தைத் தாமதமாகத் தொடங்கினால் ஆசிரியருக்கு அபராதம். கேட்க ஐந்து பேர்கூட வராவிட்டால் அவர் வராததாகவே கருதி அதற்கும் அபராதம். இந்த விதியை நம் கல்லூரிகளில் கொண்டுவந்தால் என்னையும் சேர்த்துப் பலர் மாதக்கடைசியில் கடன் வாங்க நேரும்.

பாரிஸில் சங்கம் அமைத்தவர்கள் ஆசிரியர்கள். 1229இல் திருவிழா நாளொன்றில் மதுக்கடைக் கணக்கில் தொடங்கிய தகராறு கலவரமாக, அரச காவலர்கள் மாணவர்கள் சிலரைக் கொன்றார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்தினார்கள். ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் அல்ல, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஊரைக் காலிசெய்துகொண்டு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் துலூசுக்கும் ஓர்லியானுக்கும் போனார்கள். அவர்களுக்கென்று கட்டடமோ நிலமோ பெரிதாக இல்லாததே அவர்களின் பலம். 1231இல் போப் ஒன்பதாம் கிரிகோரி, பாட நேரம் முதல் அறை வாடகை வரை தாங்களே விதி செய்துகொள்ளவும், நியாயம் கிடைக்காவிட்டால் பாடத்தை நிறுத்தவும் அவர்களுக்கு உரிமை தந்து ஆணை பிறப்பித்தார். ஆயரும் அரசனும் மறுத்தாலும் நிற்கக்கூடிய ஓர் உடம்பு அப்படித்தான் உருவாயிற்று.

பழமையைப் பற்றி இன்னொன்று. போலோஞா 1088இல் தோன்றியது என்கிறார்களே, அந்த ஆண்டு 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காகக் குறித்துக்கொண்டது. பெருமைக்காகத் தேதி தேடுவதில் அவர்களும் நம் உறவினர்களே. ஆனால் அந்த 1088 எனக்கு வேறொரு காரணத்தால் முக்கியமாகப் படுகிறது. அதே ஆண்டில் சுமத்ராவின் பாருஸ் அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் கழகத்தார் அங்கே கூடி, வரும் கலங்களும் மாலுமிகளும் என்ன கட்டணம் செலுத்தவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சோழன் ஆணையிட்டு அல்ல, தாங்களே கூடி. ஆக, கழகம் கட்டத் தெரியாத கூட்டமல்ல நாம். கடல்தாண்டிக் கட்டினோம். மிளகு விற்றவர்களுக்குக் கைவந்த அந்த வித்தை, ஏடு ஓதியவர்களுக்கு ஏன் வாய்க்கவில்லை?

முற்றிலும் வாய்க்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. காஞ்சியில் இரண்டாம் நந்திவர்மனை அரசனாக்கிய நிகழ்ச்சியில் கடிகையார் என்றொரு குழுவினர் பங்குகொண்டதை வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். (ராஜராஜன் காந்தளூரில் அறுத்த 'கலம்' கப்பலா உண்கலமா என்ற சண்டை தனி.) அச்செப்பேட்டில் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன: வைதால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரலாகாது, பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. போலோஞாவின் விதிப்புத்தகத்துக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய உறவு இதுதான். எண்ணாயிரத்தை முழங்குகிறவர்கள் பார்த்திவபுரத்தைச் சொல்வதில்லை, எண்ணிக்கை சிறியதல்லவா!

ஆனாலும் பார்த்திவபுரத்திலும் எத்தனை பேர் சேரலாம், எந்தச் சாகைக்கு எத்தனை இடம் என்று விதித்தவன் கொடையாளி. எண்ணாயிரத்தில் அரசன் ஆணையும் ஊர்ச்சபையும். ஆசிரியர்கள் கூடித் தகுதி வழங்கியதாகவோ, பாடத்திட்டத்தை மாற்றியதாகவோ அக்கல்வெட்டில் ஒரு வரி இல்லை. நிலம் இருக்கும்வரை சாலை இருந்தது. நிலம் கைமாறியபோது எழுந்து வேறு ஊருக்குப் போய்ப் பாடத்தைத் தொடர, சங்கமாக இருந்திருந்தால் அல்லவா முடியும்?

இதைப் பழங்கதையாகவே விட்டிருப்பேன், அந்தத் தொடக்கவுரை என் போன்ற ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் நிகழாதிருந்தால். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது ஆங்கிலேயர் நமக்குத் தந்தது ஆக்ஸ்ஃபோர்டை அல்ல. இலண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியை. தேர்வு நடத்திப் பட்டம் தரும் அலுவலகம் ஓரிடத்தில், கற்பிக்கும் கல்லூரிகள் வேறிடங்களில். இந்த வட்டாரக் கல்லூரிகளுக்கு 1966இல் மதுரையும் 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தாய்வீடாயின. வீடு மாறியது; ஏற்பாடு மாறவில்லை. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு நான் எந்த நூலைக் கற்பிக்கவேண்டும் என்பதை ஒரு குழு முடிவு செய்கிறது, என் மாணவர் எழுதியதை முகமறியாத ஒருவர் திருத்துகிறார். விசைத்தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு எந்தக் கவிதை எங்கே தைக்கிறது என்று பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஓர் அவை இல்லை. சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் நமக்குச் சங்கங்கள் உண்டு, தேவையும்தான். பாடத்திட்டத்துக்காக ஒரு மணிநேரம் நாம் வகுப்பை நிறுத்தியதுண்டா?

அன்று உரை முடிந்ததும் ஐயம் கேட்க நேரம் கொடுத்தார்கள். முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எண்ணாயிரத்து மாணவர்கள் எப்போதாவது எங்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டாள். பேச்சாளர் சிரித்தார், உணவு இடைவேளை அறிவிக்கப்பட்டது. அவளுக்கு நான் பார்த்திவபுரம் செப்பேட்டைப் படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் அது பாடமாக இல்லை.