ஒரு நாற்காலி போட்டுவிட்டால் கதவு திறந்துவிட்டதா?

சக்கியா டலிலா ஹாரிஸ் எழுதிய ‘தி அதர் பிளாக் கேர்ள்’ நாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசினோம். கூட்டம் முடியும்போது ஒரு மாணவர் சொன்னார்: “அமெரிக்காவில் கதவு திறந்துவிட்டது தோழர். நமக்குத்தான் இன்னும் திறக்கவில்லை.” பலரும் தலையாட்டினார்கள். எங்களால் ஆட்ட முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஹாரிஸ் நியூயார்க்கில் ஒரு பெரிய பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒருநாள் அலுவலகக் கழிவறையில் தனக்கு அறிமுகமில்லாத இன்னொரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்ததிலிருந்துதான் கதை பிறந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொரு கறுப்புப் பெண்ணைப் பார்ப்பதே ஒரு நாவலுக்கான அதிர்ச்சியாக இருக்கிறது என்றால், அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டார், எழுதினார். பல பதிப்பகங்கள் போட்டி போட்டுக் கேட்டன. 2021 ஜூனில் நூல் வெளிவந்தது, 2023இல் தொலைக்காட்சித் தொடரும் ஆனது.

நாவலின் நாயகி நெல்லா, பதிப்பகத்தில் இருக்கும் ஒரே கறுப்பின ஊழியர். நன்றாக விற்கும் ஒரு வெள்ளை எழுத்தாளர் தன் புதிய நாவலில் ஒரு கறுப்புப் பெண்ணைக் கேலிச்சித்திரமாக வரைந்திருக்கிறார். நெல்லா அதைச் சொல்கிறாள். சொன்னதுதான் குற்றமாகிறது. எழுதியவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. அந்த அலுவலகத்துக்கு அவளுடைய முகம் வேண்டும், அவளுடைய நாக்கு வேண்டாம். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியாத கதை?

இனி கணக்குக்கு வருவோம். லீ அண்ட் லோ என்ற பதிப்பகம் அமெரிக்கப் பதிப்புத் துறையில் யார் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து வருகிறது. 2015இல் வெள்ளையர் 79 விழுக்காடு. 2019இல் 76. 2023இல் 72.5. எட்டு ஆண்டுகளில் நகர்ந்தது அவ்வளவுதான்.

இது தற்செயல் இல்லை. 2022 நவம்பரில் ஹார்பர்காலின்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அங்கே தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 45,000 டாலர். நியூயார்க் வாடகையில் அது யாருக்குக் கட்டும்? வீட்டிலிருந்து பணம் வருகிறவருக்கு. அப்படிப்பட்டவர்தான் உதவியாளராகத் தாக்குப்பிடித்து ஆசிரியர் ஆகிறார். அவர்தான் எந்தக் கையெழுத்துப் பிரதி நூலாகும் என்று முடிவு செய்கிறார். முடிவு செய்யும்போது, “இதைப் போன்ற எந்த நூல் ஏற்கெனவே விற்றிருக்கிறது?” என்று கேட்கிறார்கள். நேற்றுவரை நம்மை அச்சிடாதவர்கள், நேற்றைய விற்பனையைக் காட்டு என்கிறார்கள்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட மறுமாதம், எழுத்தாளர் எல்.எல். மெக்கின்னி தொடங்கிவைத்த ஒரு ஹேஷ்டேக்கில் எழுத்தாளர்கள் தாங்கள் வாங்கிய முன்பணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். நேஷனல் புக் அவார்டு வாங்கிய பிறகும் 1,00,000 டாலருக்குப் போராட வேண்டியிருந்தது என்றார் ஜெஸ்மின் வார்ட். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஹ்யூகோ விருது வென்ற முத்தொகுதிக்கு என்.கே. ஜெமிசின் பெற்றது நூலுக்கு 25,000 டாலர். அதே ஆண்டு ஜனவரியில் வந்த ‘அமெரிக்கன் டர்ட்’, மெக்சிகோவிலிருந்து தப்பியோடும் ஒரு தாயின் கதை. அந்த வாழ்க்கையை வாழாத ஒருவர் எழுதிய அதற்கு ஏழு இலக்க முன்பணம்.

“சந்தைதானே தீர்மானிக்கிறது, இதில் நிறம் எங்கே வந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. முன்பணம் சந்தைக்குப் போகும் முன்பே முடிவாகிறது. அதிகம் கொடுத்த நூலுக்குத்தான் அதிக விளம்பரம், கடையில் முன்வரிசை, பயணம், பேட்டி எல்லாம். சந்தை என்ன வாங்கும் என்பதைப் பாதி அந்த அறைக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள்.

அந்தக் கோடையில் பதிப்பகங்கள் அறிக்கை மேல் அறிக்கை விட்டன. டானா கேனடி சைமன் அண்ட் ஷுஸ்டரின் பதிப்பாளராக அறிவிக்கப்பட்டார். லிசா லூகாஸ் பாந்தியனுக்கு அறிவிக்கப்பட்டார். 2022இல் கேனடி விலகினார். 2024இல் லூகாஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நாற்காலி போட்டவர்களே அதை எடுத்தும் வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், 2023-24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்கப் பள்ளிகளில் 10,046 முறை நூல்கள் தடைசெய்யப்பட்டதாக பென் அமெரிக்கா கணக்கிட்டது. டோனி மாரிசனின் முதல் நாவலான ‘தி புளூவெஸ்ட் ஐ’ இந்தத் தடைகளில் மீண்டும் மீண்டும் அடிபடும் நூல்.

மாரிசனை நாம் நோபல் பரிசோடு மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். 1970இல் அந்த முதல் நாவல் வந்தபோது அவர் ராண்டம் ஹவுஸில் ஆசிரியர். பகலில் அலுவலகம், வீட்டில் தனியாக வளர்க்கும் இரண்டு மகன்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஏஞ்சலா டேவிஸைக் கொண்டுவந்தார், டோனி கேட் பம்பாராவைக் கொண்டுவந்தார், கேயில் ஜோன்ஸைக் கொண்டுவந்தார். 1983இல் அவர் வெளியேறிய பிறகு அங்கே கறுப்பின எழுத்தாளர்களின் நூல்கள் சரிந்தன என்று ரிச்சர்ட் ஜீன் சோ என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். ஒருவர் போனதும் மூடிக்கொள்கிற கதவை, திறந்த கதவு என்று எப்படிச் சொல்வது?

அண்ணல் அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து போராட்டத்தைக் கற்ற நாம், இந்தப் பாடத்தையும் கற்க வேண்டும். நாங்களும் தவறியிருக்கிறோம். நம்மில் ஒருவரின் முதல் நூல் பெரிய பதிப்பகத்தில் வந்ததும் அட்டைப்படத்தைப் பகிர்ந்தோம், வாழ்த்தினோம், அத்தோடு ஓய்ந்தோம். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது, ராயல்டி வந்ததா, எந்த அத்தியாயத்தை வெட்டச் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாழ்த்துங்கள் தோழர்களே, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கூடவே அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர் மேசையில் நம்மவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வாங்கிய தொகையை ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களில் எழுத வருகிறவர்கள் வரட்டும். பிழை திருத்த, ஆசிரியராக அமர, அச்சுக்கூடம் நடத்த, கணக்குப் பார்க்கவும் சிலர் வாருங்கள். சாவி நம் கையில் வராதவரை, எந்தக் கதவையும் திறந்த கதவு என்று நாங்கள் நம்பப் போவதில்லை.