முக்காட்டுக்குள் மொட்டையா?

இலங்கையின் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆடி மாதத்தில் கூடும் கூட்டத்தில் ஒரு கேள்வி எப்படியும் காதில் விழும். முக்காடிட்ட கன்னியாஸ்திரி ஒருவர் கடந்து போவார். பிள்ளை தாயின் சேலையை இழுக்கும். "அம்மா, சிஸ்டருக்கு உள்ளுக்குள்ள முடி இருக்கா?" தாய் யோசிக்காமலே சொல்வாள்: "இல்ல மகள், மொட்டை அடிச்சிருப்பாங்க."

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை கத்தோலிக்கரும் மற்றவர்களும் நம்பும் பேச்சு இது. இதோடு வேறு சிலவும் ஒட்டிக்கொண்டு வரும்: திருச்சபைச் சட்டமே முடியைக் களையச் சொல்கிறதாம், விவரம் தெரியாத பெண்பிள்ளைகளைப் பிடித்து மடத்தில் போடுகிறார்களாம், முக்காடு வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமாம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலில் மொட்டை. தென்மேற்குப் பருவக்காற்று கற்பிட்டித் தீபகற்பத்தை உலுக்கும் காலத்தில்தான் அந்தத் திருவிழா வருகிறது. கடற்கரையோரக் கோயில் முற்றத்தில் முக்காட்டின் பின்பக்கம் படபடக்கும். சகோதரி ஒரு கையால் நெற்றிப் பட்டியை அழுத்திக்கொண்டு நடப்பார். பட்டிக்கு முன்னால் இரண்டு விரற்கடை முடி தெரியும். காதுக்கு மேலே குத்திய ஊசி அந்த முடியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மழித்த தலையில் ஊசி எதைப் பிடிக்கும்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இதே பகுதியில் பௌத்தத் துறவியரும் வாழ்கிறார்கள். பத்துச் சீலம் ஏற்ற தசசில் மாதாக்கள் தலையை முழுவதும் மழித்துக்கொள்கிறார்கள். 1998இல் தம்புள்ளையில் பெண்களுக்கான முழுத் துறவேற்பாகிய உபசம்பதை மீண்டும் தொடங்கிய பின் பெருகிய பிக்குணிகளுக்கும் அதுவே விதி. பக்கத்து மதத்தின் வழக்கத்தைக் கண்ட கண், முக்காட்டுக்குள்ளும் அதுவே இருக்கும் என்று எண்ணிவிடுகிறது.

ஆனால் முடி வெட்டும் வழக்கம் கத்தோலிக்கத் துறவில் இருந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். 1212இல் குருத்து ஞாயிறு இரவில் அசிசி நகரத்துக் கிளாராவின் கூந்தலைப் புனித பிரான்சிஸ் வெட்டினார். பிரான்சின் லிசியு நகரத்துத் தெரேசா 1889 ஜனவரியில் கார்மேல் மடத்தின் உடையை ஏற்றார். அவருடைய சுருள்முடி இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பல சபைகளில் உடை ஏற்கும் நாளில் கூந்தலைக் கத்தரிப்பது சடங்காகவே இருந்தது. முடியை ஒட்ட வெட்டிக்கொள்ளும் சபைகள் இன்றும் சில உண்டு. "எல்லோரும் மொட்டை" என்பதுதான் தவறு.

அடுத்தது சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 669ஆம் சட்டம், துறவிகள் தங்கள் சபையின் ஒழுங்குப்படி அர்ப்பணத்துக்கும் ஏழ்மைக்கும் அடையாளமான உடையை அணிய வேண்டும் என்கிறது. முடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு முன்பே, 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் துறவற வாழ்வு பற்றிய ஆணையை வெளியிட்டது. உடை எளிமையாக, உடல்நலத்துக்கு ஏற்றதாக, காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்றும், பொருந்தாத உடையை மாற்ற வேண்டும் என்றும் அது பணித்தது. தமிழ்நாட்டில் பல சபைச் சகோதரிகள் முக்காடில்லாமல் சேலை உடுத்துவதற்கு வழி திறந்தது இதுதான்.

பழைய வரலாறு இன்னும் வியப்பானது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள கங்கிரா நகரில் ஆயர்கள் கூடி, தவம் என்ற பெயரில் கூந்தலை வெட்டும் பெண்களைச் சபித்தார்கள். 390இல் உரோமைப் பேரரசன் தியோடோசியுஸ், அப்படி வெட்டிக்கொண்ட பெண்களைக் கோயிலுக்குள் விடக்கூடாது என்று சட்டமே போட்டான். அதே காலத்தில் எகிப்திலும் சிரியாவிலும் மடங்களில் பெண்கள் முடி வெட்டிக்கொண்டதைப் புனித எரோணிமுஸ் எழுதியிருக்கிறார். எண்ணெயும் குளிப்பும் துறந்தவர்களின் தலையில் பேன் பிடிக்காமல் இருக்கவும் அது உதவியதாம். ஓரிடத்தில் வழக்கம், ஓரிடத்தில் தடை. ஒரே சட்டம் எல்லாரையும் ஆண்டது என்ற பேச்சு இங்கேயே உடைகிறது.

மூன்றாவது, கட்டாயம். பதினேழு வயது நிறையாதவரைத் துறவுப் பயிற்சிக்கான நவதுறவகத்தில் சேர்க்கச் சட்டம் இடம் தராது. பன்னிரண்டு மாதமாவது நவதுறவு. துறவு உறுதிமொழியான வார்த்தைப்பாட்டை முதல்முறை கொடுக்க 18 வயது, நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. இடையில் மூன்று ஆண்டுகளாவது தற்காலிக வார்த்தைப்பாடு. அந்தக் காலம் முடிந்ததும் விரும்பினால் வீடு திரும்பலாம். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய வார்த்தைப்பாடு செல்லாது. வீட்டு வறுமையும் உறவினரின் ஆசையும் ஒரு பிள்ளையை மெல்லத் தள்ளியிருக்கலாம். அதை மறைப்பதில் நியாயமில்லை. ஆனால் முடிவு செய்யக் கொடுக்கும் அத்தனை ஆண்டுகளை மறைப்பதிலும் நியாயமில்லை.

நான்காவது, வெள்ளைக்காரன் வழக்கம். மடங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவைதாம். போர்தோ திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். பின்னர் மாரவில வரை அவர்களின் பெயரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பெண் தலையை மூடுவதும் முடியை நேர்ச்சையாக்குவதும் இந்தக் கரைக்குப் புதிதா? சிலாபப் பக்கத்து முதிய பெண்கள் இன்றும் பூசைக்கு வெள்ளை முக்காட்டோடு போகிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு கோயிலில் எல்லாப் பெண்களையும் தலை மூடச் சொன்னது. 1983இல் அது விடுபட்டது. பழக்கம் மட்டும் நிலைத்தது. கூந்தலின் கதையும் இங்கே பழையதுதான்: இதே கரையிலுள்ள உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். சபதம் நிறைவேறும்வரை கூந்தலை முடியமாட்டேன் என்றவள் அந்தத் திரௌபதை. கூந்தலை விரிப்பதும் முடிவதும் களைவதும் ஒரு பெண்ணின் சொல்லாகும் என்று இந்தக் கரைக்கு யாரும் கப்பலில் வந்து கற்பிக்கவில்லை.

கடைசியாக ஓர் ஒப்பீடு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின், முகத்தை மூடும் உடை அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது. அப்போது கன்னியாஸ்திரியின் முக்காடும் முஸ்லிம் பெண்ணின் உடையும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. தடை முகத்திரைக்குத்தான், தலைமறைப்பு எவருக்கும் தடைசெய்யப்படவில்லை. கன்னியாஸ்திரியின் முக்காடு வார்த்தைப்பாட்டின் அடையாளம். முஸ்லிம் பெண்ணின் முக்காடு அவளுடைய அன்றாட வாழ்வின் பகுதி. ஒன்றைப் புகழ்வதற்கு மற்றதை இழிவுபடுத்த வேண்டியதில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகச் சிலாபத்தில் மூண்ட வன்முறை நாத்தாண்டியாப் பகுதியில் ஓர் உயிரையும் பறித்தது. வாயிலிருந்து வரும் சொல் எங்கே போய் முடியும் என்பதை இந்தக் கரை அறியும்.

கன்னியாஸ்திரி உண்மையில் விட்டுக்கொடுப்பது வேறு: தாலி, சொந்தப் பிள்ளை, தன் சொத்தைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமை, எந்த ஊரில் வாழ்வது என்று தானே முடிவெடுக்கும் உரிமை. வெட்டிய முடி மீண்டும் வளர்ந்துவிடும். இவை வளர்ந்து திரும்புவதில்லை. இவ்வளவையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முடியைப் பற்றியே பேசுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த திருவிழாவில் பிள்ளை கேட்டால், தாய்மார் தாங்களாகப் பதில் சொல்லிவிடாமல் இருந்தால் நல்லது. சகோதரி பக்கத்தில்தான் நிற்கிறார். பிள்ளையை அவரிடமே அனுப்புங்கள்.