விளையாட்டும் மெய்ப்பாடும்: ஒரு மாணவரின் கல்வியை முன்வைத்து

தமிழில் ‘விளையாட்டுப் புத்தி’ என்பது பாராட்டன்று. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்று பொருள். படிப்பு ஒருபுறம், விளையாட்டு மறுபுறம் என்று பிரித்துவைத்தே பல தலைமுறைகளாகப் பிள்ளைகளை வளர்த்து வருகிறோம். அப்படியிருக்க, வீடியோ கேம் உருவாக்குவதையே கல்லூரியில் பாடமாக எடுத்துப் படிக்கப்போவதாக ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் எழும் கலக்கம் இயல்பானதே. போதாக்குறைக்கு, ‘ஆன்லைன் கேம்’ என்ற சொல் பெற்றோர் பலரை வந்தடைந்தது ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றிய செய்திகளின் வழியாகத்தான். இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த அச்சம் விலகியபாடில்லை.

பெற்றோரின் அச்சத்தை விளங்கிக்கொள்ள முடிகிறது. விளங்காதது, இலக்கியம் கற்பிப்போரிடையே நிலவும் அலட்சியம். ‘அது கணினித்துறையின் விவகாரம்; நிரல் எழுதுகிறவர்கள் பாடு; நமக்கென்ன?’ என்னும் குரலை ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கிறோம். இக்கட்டுரையில் நாம் சொல்லவிருப்பது இதற்கு எதிரான கருத்து. கணினி விளையாட்டை உருவாக்கக் கற்கும் மாணவர், அக்கல்வி ஒழுங்காக அமைந்தால், முதன்மையாகக் கற்பது எதிரே இருப்பவரின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதைத்தான். இலக்கியக் கல்வி பெரிதும் கைவிட்டுவிட்ட பாடம் அது. இதற்குச் சான்றாக, இத்துறையில் நன்கறியப்பட்ட மாணவர் ஒருவரின் கல்லூரிக் காலத்தை எடுத்துக்கொள்வோம்.

ஜெனோவா சென் ஷாங்காய் நகரத்தவர். இயற்பெயர் சென் சிங்ஹான். ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ என்ற ஜப்பானிய வீடியோ கேமில் வரும் ஒரு பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார் என்பதிலிருந்தே அவருடைய பித்து விளங்கும். சிறுவயதில் ஒரு தைவானிய வீடியோ கேமின் கதை தம்மை அழவைத்ததாக நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ஷாங்காய் ஜியாவோ தோங் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கணினி அறிவியல். அக்காலத்தில் சீனாவில் இத்துறைக்குப் பெரிய மரியாதை இருந்ததாகச் சொல்லமுடியாது. தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கருவிகளின் விற்பனையை அந்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டில் தடைசெய்தது. தடை முழுமையாக நீங்க 2015 வரை ஆயிற்று. அத்தகைய சூழலிலிருந்துதான் அவர் 2003இல் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராகச் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த துறை எங்கே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. பொறியியல் பிரிவில் இல்லை. 1929இல் தொடங்கப்பட்டு, ஜார்ஜ் லூகாஸ் போன்ற இயக்குநர்கள் பயின்று வெளிவந்த திரைப்படப் பள்ளியின் ஓர் அங்கமாக அது இருந்தது. அதாவது, கதை சொல்லும் கலைகளின் வரிசையில் புதிதாக வந்த ஒன்றாகவே அங்கு கணினி விளையாட்டு கருதப்பட்டது.

*

அங்கே ஆசிரியராக இருந்த ட்ரேசி ஃபுல்லர்டன் பிறரோடு இணைந்து 2004இல் ஒரு பாடநூலை வெளியிட்டார். அவருடைய முறை எளியது. முதலில் கணினியைத் தொடாதே. தாளிலும் அட்டையிலும் உன் ஆட்டத்தைச் செய். அரைகுறையாக இருக்கும்போதே அதை வேறொருவரிடம் கொடுத்து ஆடச்சொல். அவர் ஆடுகையில் நீ பேசாதே. எங்கே தயங்குகிறார், எங்கே சலிப்படைகிறார், நீ எண்ணியிராத எதைச் செய்கிறார் என்று குறித்துக்கொள். பிறகு திருத்து. மீண்டும் கொடு.

இம்மௌனம் எளிதில் வாய்ப்பதில்லை. எழுதுகிறவர் எவரும் தம் நூலை வாசகர் படிக்கும்போது அருகில் அமர்ந்து, அவர் எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார் என்று பார்ப்பதில்லை. நம் மரபில் அரங்கேற்றம் என்றொரு சோதனை இருந்தது. அவையோர் தடை எழுப்புவர், புலவர் விடை கூறுவர். இம்மாணவருக்கோ விடை கூறவும் அனுமதியில்லை. ‘நான் நினைத்தது அதுவன்று’ என்று விளக்கவேண்டிய நிலை வந்தால், குறை ஆடுபவரிடம் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது என்று பொருள். ‘வாசகருக்குப் புரியவில்லை’ என்று கடந்துபோகப் பழகிய நம் இலக்கியச் சூழலுக்கு இது சற்றுக் கசப்பான பாடம்.

2005இல் சென்னும் சக மாணவர்களும் ஃபுல்லர்டனின் வழிகாட்டலில் ‘கிளவுட்’ என்ற ஆட்டத்தை உருவாக்கினர். மருத்துவமனைக் கட்டிலில் உறங்கும் ஒரு சிறுவன் கனவில் வானத்தில் பறக்கிறான், மேகங்களைத் திரட்டுகிறான், உருவங்கள் வரைகிறான், மழை பெய்விக்கிறான். சுட்டு வீழ்த்தப் பகைவர் எவருமில்லை. ஆஸ்துமாவால் மருத்துவமனையில் கழிந்த சென்னின் இளமைதான் அதன் மூலம். இணையத்தில் இலவசமாக வெளிவந்த அந்த மாணவர் படைப்பை ஏராளமானோர் ஆடினர். முன்பின் அறியாதவர்கள் நெகிழ்ந்து கடிதம் எழுதினர். விளையாட்டால் இதையும் செய்யமுடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்தே தமக்குப் பிறந்ததாகச் சென் கூறியிருக்கிறார்.

மறு ஆண்டு அவர் அளித்த முதுநிலை ஆய்வேடு, மிகாய் சிக்சென்ட்மிகாய் என்ற உளவியலாளரின் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. செய்யும் செயல் நம் திறனுக்கு மிஞ்சியதாக இருந்தால் பதற்றம் வருகிறது. திறனுக்குக் குறைந்ததாக இருந்தால் சலிப்பு வருகிறது. இரண்டுக்கும் நடுவே, காலம் போவது தெரியாமல் ஒன்றிப்போகும் நிலை இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் திறன் வேறுபடுமே, எல்லாரையும் எப்படி ஒன்றவைப்பது? கடினத்தின் அளவை ஆடுபவரே, ஆட்டத்தை நிறுத்தாமல், ஆட்டத்தின் போக்கிலேயே தெரிந்தெடுக்கட்டும் என்பது சென்னின் விடை. அதைச் செய்துகாட்ட உருவானதே ‘ஃப்ளோ’. கடலுயிர் ஒன்றாக நாம் நீந்துகிறோம். ஒருவகை உயிரை உண்டால் ஆழத்துக்கு இறங்குவோம். மற்றொன்றை உண்டால் மேலே வருவோம். தோற்றாலும் ஆட்டம் முடிவதில்லை. ஒரு படி மேலே தள்ளப்படுகிறோம், அவ்வளவே.

வகுப்பறையில் அறுபது பேருக்கு முன் நின்று அகநானூறு நடத்தும் எவருக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று. முன்வரிசையில் சிலர் சலித்திருப்பர். பின்வரிசையில் பலர் முதல் அடியிலேயே மிரண்டிருப்பர். அனைவருக்கும் ஒரே உரை, ஒரே வேகம், ஒரே வினாத்தாள் என்பதுதான் நம் கல்வியின் விடையாக இருந்துவருகிறது. இருபதுகளில் இருந்த ஒரு மாணவர் அதே சிக்கலை எடுத்துக்கொண்டு, தம்மளவில் வேறொரு விடை கண்டு, அதைச் செய்தும் காட்டினார்.

‘ஃப்ளோ’ முதலில் உருவானது ஃப்ளாஷ் என்ற மென்பொருளில். 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அதற்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. கருவி காலாவதியாயிற்று, அதைக்கொண்டு அவர் கற்றது ஆகவில்லை. ‘எந்த மென்பொருள் சொல்லித்தருகிறீர்கள்?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு கல்லூரி தேடும் மாணவர்களிடம் நாம் சொல்லவேண்டியது இதுவே.

*

கணினி விளையாட்டுகள் ஆடுபவரிடம் எழுப்பும் உணர்ச்சிகள் மிகச் சில என்பது சென் தொடர்ந்து வைத்துவரும் குறை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறது. சந்தையில் பெருவாரியாக விற்கும் ஆட்டங்களை அவ்வெட்டில் வைத்துப் பார்த்தால் அச்சம், வெகுளி, பெருமிதம் என்ற மூன்றே மிகுதியும் தேறும். அழுகையும் மருட்கையும் அரிது. ஷாங்காயிலிருந்து வந்த ஒரு மாணவர் தொல்காப்பியத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் காண்போர் மனத்தில் எழுவதைக் கொண்டு கலையை வகைப்படுத்தும் அந்த நோக்கிலிருந்து அவருடைய கேள்வி வெகுதொலைவில் இல்லை. மெய்ப்பாட்டியலை ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்ட நமக்கு, அது ஒரு படைப்பாளியின் அன்றாடக் கருவியாக இருக்கமுடியும் என்பதை இத்துறை நினைவூட்டுகிறது.

சென் படித்து முடித்து 2006இல் கெல்லி சான்டியாகோ என்ற சக மாணவியுடன் நிறுவனம் தொடங்கினார். 2012இல் வெளிவந்த ‘ஜர்னி’ அவர்களுடைய பெயரை நிலைநிறுத்தியது. பாலைவனம், தொலைவில் ஒரு மலை, அதை நோக்கி நடக்கும் ஓர் உருவம். வழியில் இன்னொரு உருவம் எதிர்ப்படும். உலகின் வேறெங்கோ அமர்ந்து ஆடும் முகமறியாத மனிதர் அவர். பெயர் தெரியாது, பேச முடியாது, ஒற்றை இசையொலியால் அழைக்கலாம், அவ்வளவுதான்.

இதை உருவாக்கிய காலத்தில் நடந்த ஒன்றைச் சென் விவரித்திருக்கிறார். ஒருவரையொருவர் தொட்டுத் தள்ள முடியும்படி முதலில் அமைத்திருந்தனர், இடரில் கைகொடுப்பார்கள் என்ற எண்ணத்தில். சோதித்தபோது, ஆடியவர்கள் துணையாக வந்தவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனர். மனிதர் கெட்டவர் என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. நீதிபோதனை வாசகமும் எழுதவில்லை. தள்ளும் வாய்ப்பை நீக்கினர். அருகருகே வந்தால் இருவருக்கும் பறக்கும் ஆற்றல் கிடைக்கும்படி விதியை மாற்றினர். அந்நியர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து நடக்கத் தொடங்கினர்.

அறத்தை விளையாட்டில் வைப்பது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் நற்குணங்கள் ஏணி, தீக்குணங்கள் பாம்பு. ஆனால் அங்கே ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் செயல். ஆடுபவர் நல்லதும் செய்வதில்லை, தீயதும் செய்வதில்லை. ‘ஜர்னி’யில் செயல் ஆடுபவருடையது. அதனால்தான் அது மனத்தில் தங்குகிறது.

*

இதைப் படித்துவிட்டு எவரும் உடனே பிள்ளையைச் சேர்க்கக் கிளம்பிவிடலாகாது. ‘ஜர்னி’யை முடிப்பதற்குள் நிறுவனத்தின் பணம் தீர்ந்து திவாலாகும் நிலை வந்ததென்று சென்னே கூறியிருக்கிறார். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் இத்துறையில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. நம் நாட்டில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் இதற்கான முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இடங்களோ மிகக் குறைவு. சிலமாத மென்பொருள் பயிற்சியைப் பட்டப்படிப்பு போலக் காட்டிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு. எல்லா மாணவரும் சென் ஆகப்போவதில்லை.

நம் அக்கறை வேறு. இப்படிப்புகள் நம்மிடம் பரவும்போது அவற்றில் இலக்கியத்துக்கு இடமிருக்குமா? இல்லாவிட்டால் நம் மாணவர்கள் பிறர் கற்பனைக்கு நிரல் எழுதும் கூலிகளாகவே நிற்பர். இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. ஃபுல்லர்டன் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்து 2017இல் வெளியிட்ட ஆட்டம், தோரோவின் ‘வால்டன்’ நூலை அடியொற்றியது. அதில் உணவுக்கும் விறகுக்கும் மட்டுமே உழைத்துக்கொண்டிருந்தால் அகத்தூண்டல் வற்றி, காட்டின் வண்ணங்கள் மங்கிவிடும். நூலின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த உரையாசிரியரும் சொல்லிவிட முடியாது.

மற்றொன்று நமக்கு நெருக்கமானது. கல்லூரியில் பிறந்ததன்று, டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. பெயரே ‘வெண்பா’. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் இருக்கிறது. எஞ்சிய வரிகளிலிருந்து இட்லியையும் புட்டையும் ஆடுபவரே ஊகித்துச் சமைக்கவேண்டும். சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகித்து நிரப்பிய நம் பதிப்பாசிரியர்களின் வேலையல்லவா இது! அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை இதற்கு வழங்கியது. மொழி கைநழுவிப்போகும் துயரை, தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர்கள் இதன்வழி உணர்ந்தார்கள்.

ஆகவே தமிழ்த்துறைகளுக்கு நாம் முன்வைக்கும் யோசனை சிறியது, செலவும் இல்லாதது. ஒரு பருவத்தில் ஒரேயொரு ஒப்படைப்பு. மாணவர் நால்வராகச் சேர்ந்து ஓர் அகப்பாடலைத் தாளில் ஆடும் ஆட்டமாக ஆக்கட்டும். நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் என்று ஓர் உலகம் இயங்கும் விதிகளை அகத்திணை ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறது. பாலைத்திணையை எடுத்துக்கொண்டால், பிரிந்து செல்பவரும் காத்திருப்பவரும் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு நகர்வர், காத்திருத்தலை ஆடுபவர் எப்படி உணர்வர் என்று அவர்கள் யோசிக்கவேண்டும். சாக்பீஸும் புளியங்கொட்டையும் போதும். பிறகு, அப்பாடலைப் படித்திராத பிற துறை மாணவர்களை அழைத்து ஆடவைக்கட்டும். ஆக்கிய நால்வரும் வாய்திறக்கக் கூடாது.

அந்த அரைமணி நேர மௌனத்தில் அப்பாடலைப் பற்றி அவர்கள் கற்பதை, நம் கோனார் உரைகள் எதனாலும் கற்பித்துவிட முடியாதென்றே நினைக்கிறோம். இதைத் தம் வகுப்பில் செய்துபார்க்கும் ஆசிரிய நண்பர்கள் விளைவை இங்கே எழுதவேண்டும், தோல்வியுற்றாலும் எழுதவேண்டும்.